முதுகில் திறக்கும் கோட்டு

பிளாரன்ஸ் தைத்த துணியை உயிருள்ள ஆம்பிளை எவனும் உடம்பில் போட்டதில்லை. சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து தைக்கிறாள். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. தையல் மோசமில்லை. மோசமில்லை என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் எல்லாருமே ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டுவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போய்விடுவார்கள்.

அவள் அப்பா மாதா கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவர். மணி அடிப்பது, விளக்கு ஏற்றுவது, மாதா, புனிதர் சுரூபங்களைத் தூசி தட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. சுரூபங்களுக்கு உடுப்புத் தைக்கிற வேலை அப்படியே மகளிடம் வந்து சேர்ந்தது. மாதாவுக்குத் திருநாள் மேலங்கி, சூசையப்பருக்குப் பழுப்பு அங்கி, சவேரியாருக்குக் கறுப்பு அங்கி. பிறகு தெருவில் யாராவது இறந்தால் அடக்கத்துக்கான உடுப்பும் அவளிடமே வந்தது. சுரூபத்துக்கும் சரி, இறந்தவருக்கும் சரி, கையைத் தூக்கி மடக்கிச் சட்டைக்குள் நுழைக்க முடியாது. அதனால் முன்பக்கம் மூடி, முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்து தைக்க வேண்டும். முன்னால் இருந்து போர்த்திப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டால் முடிந்தது.

அசையாதவர்களுக்குத் தைக்கிற கை என்று தெருவில் பேராகிவிட்டது. கடலுக்குப் போகிறவர்கள் மத்தியில் இப்படி ஒரு பேர் விழுந்தால் அது லேசில் போகாது. பெண்கள் தலையணை உறை தைக்கக் கொடுப்பதுவரை வந்தார்கள். அதற்கு மேல் வரவில்லை.

வீட்டில் ஒரு தகரப் பலகை இருந்தது. ‘பிளாரன்ஸ் தையல் நிலையம் – ஆண்கள் உடுப்பு தைத்துக் கொடுக்கப்படும்’ என்று நீலத்தில் எழுதியது. துறைமுகத்தில் படகுகளுக்குப் பேர் எழுதுகிறவன் மிச்ச வர்ணத்தில் எழுதிக் கொடுத்தான். அது அலமாரிக்குப் பின்னால், எழுத்து சுவரைப் பார்க்கும்படி நின்றது. வாசலில் மாட்டிவிட்டு ஒருத்தனும் வரவில்லை என்றால் அந்த அவமானம் வேறு. ஒருத்தனாவது போடட்டும், அப்புறம் மாட்டலாம் என்று வைத்திருந்தாள்.

அந்த ஒருத்தன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். அவள் புருஷன் சிலுவை. சங்கு குளிக்கிறவன். முத்துக் குளிக்கிற சலாபம் கடைசியாக நடந்து இருபது வருஷம் ஆகிவிட்டது, கடலில் சிப்பி இல்லை, சங்குதான் மிச்சம். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலின் அடிக்கு இறங்கிக் கை நிறையச் சங்கோடு சிரித்துக்கொண்டே ஏறுகிறவனுக்கு, பொண்டாட்டி தைத்த சட்டை என்றால் மட்டும் பயம்.

“ஏங்க, ஒரு சட்டை. ஒண்ணே ஒண்ணு. தைச்சுத் தாரேன், வீட்டுக்குள்ள போட்டுக்கிடுங்க.”

“வீட்டுக்குள்ள எதுக்குளா சட்டை? வேக்குது.”

“அப்போ வெளிய போடுங்க.”

“வெளிய போட்டா கடல் பாத்துரும்லா.”

இதற்கு மேல் பேச்சு நகராது. கொழும்புக்குத் தோணியில் போய்வருகிறவர்களிடம் சொல்லி அவன் சட்டை வாங்கிக்கொள்வான். அந்தச் சட்டைகளைத் துவைத்துக் காயப்போடும்போது பிளாரன்ஸ் காலரைத் திருப்பிப் பார்ப்பாள். தையல் ஓடியிருக்கிற அழகைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் ஒரு சினிமாக் கம்பெனி தூத்துக்குடிக்கு வந்தது. சரித்திரப் படம். டச்சுக்காரன் இந்தக் கரையில் வந்து இறங்குகிறான், கரைக்காரர்கள் அவனை அடித்து விரட்டுகிறார்கள் என்று ஒரு கட்டம். மற்றதெல்லாம் மதராஸில் அட்டைக் கோட்டை கட்டி எடுத்துவிடுவார்களாம், கடல் மட்டும் அட்டையில் வராது.

உடுப்புக்குப் பொறுப்பாக வந்தவர் பர்னபாஸ் என்று ஒருவர். சாயர்புரத்துக்காரர், அங்கே புராட்டஸ்டண்ட் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சரித்திரப் பைத்தியம். சினிமாவில் ராஜாக்கள் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து மனசு நொந்துபோய், அதைச் சரி செய்யத்தான் சினிமாவிலேயே சேர்ந்ததாகச் சொல்வார். பஜாரில் இருந்த தையல்காரர்களிடம் முதலில் போனார். நாற்பது கோட்டு, அதுவும் பட்டாளத்துக் கம்பளியில் என்றதும், ஊசி உடையும் அண்ணாச்சி என்று எல்லாரும் கும்பிட்டுவிட்டார்கள். பங்குச்சாமி இவளைக் கை காட்டினார்.

அவர் வந்தபோது பிளாரன்ஸ் கோயில் பீடத்துணிக்கு லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கோட்டு நாப்பது வேணும். டச்சு சிப்பாய் கோட்டு. முந்நூறு வருஷத்துக்கு முந்தி இதே கரையில எறங்குனாம்லா, அவன் போட்டது.”

“உயிரோட உள்ளவுக போடுததா, அண்ணாச்சி?”

பர்னபாஸுக்குக் கேள்வி புரியவில்லை. “பின்னே? நடிக்க வாரவங்கதான். உங்க தெரு ஆளுகளத்தான் பேசியிருக்கோம்.”

“எங்க தெருவா?”

“சங்கு குளிக்கவங்க. டைரக்டருக்குத் தண்ணியில குதிக்க ஆள் வேணும்.”

பிளாரன்ஸ் லேஸைக் கீழே வைத்தாள். “தாங்க” என்று இரண்டு கையையும் நீட்டினாள். துணியின் விலை, கூலி எதையும் அவள் கேட்கவில்லை. அடுத்த வீட்டு ஞானபாய்தான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “கூலியக் கேளுளா, கூறு கெட்டவளே” என்று சத்தம் போட்டாள்.

பர்னபாஸ் ஒரு தாளைக் கொடுத்தார். லைப்ரரியில் பழைய புத்தகத்தைப் பார்த்துத் தானே வரைந்தது. தொடைவரை தொங்குகிற கோட்டு, பெரிய கைமடிப்பு, கழுத்திலிருந்து கீழ்வரை நெருக்கமாகப் பித்தான் வரிசை. எதிரிலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம்.

“எல்லாம் இதுல உள்ளபடியே வரணும்மா. ஒரு பித்தான் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. கேமராவுக்கு நெறம் தெரியாது. ஆனா கனம் தெரியும். மெல்லிசுத் துணியில தைச்சா நாடகக்காரன் மாதிரி இருக்கும். அதான் கம்பளி.”

யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட பட்டாளத்துக் கம்பளிகள் அவை. மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. பிரித்ததும் வீடு முழுக்கப் பூச்சி உருண்டை வாசம்.

அளவெடுப்பதில் முதல் சிக்கல் வந்தது. ஒரு பொம்பிளை நாற்பது ஆம்பிளைகளின் நெஞ்சைச் சுற்றி நாடா பிடிக்க முடியாது. சிலுவை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டான். சட்டையைப் போடமாட்டானே தவிர மற்ற எதற்கும் அவன் வருவான். வலை பின்னுகிற நூலைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு கரைக்குப் போனான். நெஞ்சுக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு. யார் நூல் எது என்று தெரிய நுனியில் ஓர் அடையாளம். சிலுவையோடு குளிக்கப் போகிற கயித்தானின் நூலில் அணைந்த பீடி தொங்கியது. ஒருவனுடைய நூலில் கருவாட்டுத் தலை.

“இது யாரு?” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“பக்கத்துல போனா உனக்கே தெரியும்.”

பித்தானும் அவன் வேலைதான். புழு அரித்து விலைபோகாத சங்குகள் கரையில் குவிந்துகிடந்தன. அவற்றை அறுத்து, அரத்தால் ராவி, துளை போட்டுக் கொடுத்தான். பர்னபாஸ் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கேமராவுல இது ஈயப் பித்தான் மாதிரியே விழும். பிரமாதம்!” என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே போய்விட்டார். அந்த ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று ராவ வேண்டியதாயிற்று.

பிளாரன்ஸ் ராப்பகலாகத் தைக்கவில்லை. பொழுது விடிந்ததும் உட்கார்வாள், வெளிச்சம் போனதும் எழுந்துவிடுவாள். கம்பளி முரடு. ஊசி உடைந்தது. ஞானபாய் கூடவந்து உட்கார்ந்து கைமடிப்பு அடித்தாள். அடித்துக்கொண்டே தெருவில் உள்ள எல்லாரையும் ஒரு பிடி பிடித்தாள். தைத்த கோட்டைப் போட்டுப் பார்க்க வீட்டில் ஆள் இருந்தது. மரத்தாலான பழைய சவேரியார் சுரூபம். கறையான் அரித்து இடதுகை போய்விட்டதால் கோயிலில் புதுசு வைத்துவிட்டார்கள். பழையதை விறகுக்கு விட மனசில்லாமல் பிளாரன்ஸ் எடுத்து வந்து அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். ஒவ்வொரு கோட்டையும் அவருக்குப் போட்டுப் பார்த்தாள். பித்தான் வரிசை நேராக விழுகிறதா, தோள் நிற்கிறதா, கைமடிப்பு சாயாமல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

நடுவில் ஒரு நாள் பர்னபாஸ் வந்தார். சவேரியார் டச்சு சிப்பாயாக நின்றுகொண்டிருந்தார். பர்னபாஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வாங்க என்றாலும் வரவில்லை.

“பரவாயில்லம்மா. எங்க கோயில்ல சுரூபமெல்லாம் கிடையாது. கிட்ட வந்து பழக்கமில்ல. இங்கன நின்னே தெரியுதே! அப்படியே புத்தகத்துல இருந்து எறங்கி வந்த மாதிரி இருக்கு.”

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிளாரன்ஸுக்கும் கண் கலங்கியது. ஞானபாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கோட்டுக்கு ஒப்பாரி வேறயா?” என்றாள்.

தவறு அங்கேதான் இருந்தது, மூன்று பேர் கண்ணுக்கு முன்னால். தாளில் முதுகுப் படம் இல்லை. சவேரியாரின் அங்கியிலும் கழுத்திலிருந்து பாதம்வரை பித்தான் வரிசை உண்டு. அவற்றில் ஒன்றுகூடத் திறக்காது, அழகுக்கு வைத்துத் தைத்தவை. டச்சுக் கோட்டின் பித்தான் வரிசையும் அதே மாதிரி நெருக்கமாக இருந்ததைப் பார்த்ததும் அவள் கை வேறு எதையும் யோசிக்கவில்லை. முன்பக்கத்தை ஒரே துணியாக மூடி, பித்தான்களை வரிசையாகத் தைத்து, முதுகைத் திறந்து, முடிச்சுக்கு நாடா வைத்தது. நாற்பது கோட்டுக்கும் அப்படியே.

படப்பிடிப்பு முயல்தீவுக்கு எதிரே, துறைமுகத்துக்குத் தெற்கே நடந்தது. காலை வெயில். கரையில் கேமரா, குடை, குடைக்குக் கீழே டைரக்டர். ஊரே வந்துவிட்டது. அவித்த பனங்கிழங்கு விற்கிறவன்கூட வந்துவிட்டான். பிளாரன்ஸ் நல்ல சேலை கட்டிக்கொண்டு, கோட்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஞானபாயோடு நின்றாள். இன்றைக்கு நாற்பது பேர் போடுகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பலகையைத் திருப்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள். அந்த நாற்பதில் சிலுவையும் உண்டு என்பதைப் பல தடவை நினைத்துப் பார்த்திருந்தாள்.

பர்னபாஸ் மூட்டையைப் பிரித்து முதல் கோட்டைக் கயித்தானிடம் நீட்டினார். கயித்தான் பித்தானைக் கழற்றப் பார்த்தான். வரவில்லை. அடுத்ததைப் பார்த்தான். அதுவும் வரவில்லை. கோட்டைத் திருப்பினான். அப்படியே நின்றான்.

“ஏலே, இங்கன வாங்கலே. முதுகப் பாருங்க.”

எல்லாரும் வந்து பார்த்தார்கள்.

“எங்க அய்யாவ அடக்கும்போது போட்டது இதுதாம்லே,” என்றான் கயித்தான். கோட்டை மணலில் போட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் தள்ளி நின்றார்கள்.

பிளாரன்ஸ் கிட்டே வந்து குனிந்தாள். கோட்டைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கும் தெரிந்தது. சிலுவையின் கொழும்புச் சட்டைகளை எத்தனை தடவை துவைத்திருக்கிறாள், அவை எல்லாம் முன்னால் திறப்பவை. தெரியாதா? தெரியும். ஆனால் கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது. பலகை இனி அலமாரிக்குப் பின்னாலிருந்து வராது. அடுத்த அடக்கத்துக்குத் துணி கொண்டு வருவார்கள், அவ்வளவுதான்.

பர்னபாஸ் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“நான்தாம்மா முதுகு வரையல. புத்தகத்துலயே முதுகு இல்ல.”

டைரக்டர் குடைக்குக் கீழிருந்து, “என்ன சார் தாமதம்?” என்று கேட்டார்.

“கோட்டு பின்னால திறக்குது சார்.”

“கேமரா முன்னாலதானே இருக்கு?”

“அதில்ல சார். போட மாட்டேங்கிறாங்க.”

“ஏன்?”

இதை மதராஸ்காரருக்கு எப்படிச் சொல்வது என்று பர்னபாஸ் தடுமாறினார். பிளாரன்ஸ் கூட்டத்தில் சிலுவையைத் தேடினாள். அவன் படகு ஓரத்தில் நின்று காலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை.

அவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது. கயித்தான் போட்ட கோட்டை மணலிலிருந்து எடுத்து உதறினாள். இரண்டு கையையும் நுழைத்தாள். சேலைக்கு மேலே கோட்டு.

“ஏளா ஞானபாய், பின்னால முடிச்சுப் போடு.”

“உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?”

“போடுளா.”

ஞானபாய் போட்டாள். பிளாரன்ஸ் அந்தக் கோட்டோடு ஆட்களுக்கு நடுவே நடந்தாள். கயித்தான் நல்ல உயரம், கோட்டு அவள் கணுக்கால்வரை வந்தது, கைமடிப்பு விரலை மூடிக்கொண்டது. கூட்டத்தில் எவளோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் அடக்க முடியவில்லை, கரை முழுக்கச் சிரிப்பு. கயித்தானாலும் பொறுக்க முடியவில்லை.

“மைனி, டச்சுக்காரனுக்கு மீசை உண்டும்லா!”

“ஒன் மீசையக் குடுலே, ஒட்டிக்கிடுதேன்.”

அவன் எதிரில் போய் நின்றாள். “நான் உயிரோட இருக்கேனா இல்லியா? நல்லாப் பாத்துச் சொல்லு.”

“இருக்கிய.”

“இப்போ பாரு.”

இடுப்பில் இடது பக்கம் ஒரு நாடா நுனி தொங்கியது. அதைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். முதுகு முடிச்சு மொத்தமும் அவிழ்ந்து கோட்டு முன்பக்கமாகச் சரிந்து காலடியில் விழுந்தது.

“செத்தவன் கழத்துவானாலே? கேக்கேன். நான் தைச்ச அடக்க உடுப்ப எவனாவது கழத்திப் போட்டுட்டு வீட்டுக்கு வந்திருக்கானா?”

தள்ளி நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். குளிக்கிறவர்களுக்கு முடிச்சு என்றால் கண் தானாகப் போகும். கோட்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்கள். சுரூபங்கள் மாடத்தில் சுவரோடு ஒட்டி நிற்கும், பின்னால் கை போகாது. உடுப்பு மாற்றும்போது முன்னால் நின்றே அவிழ்க்க வேண்டும் என்று நாடா நுனியை இடுப்போரம் கொண்டுவந்து விடுவது அவள் வழக்கம்.

சிலுவை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முடிச்சைத் தடவினான்.

“இது என் முடிச்சுல்லா,” என்றான்.

குளிக்கும்போது காலில் கட்டுகிற கல்லை அடியில் போனதும் ஒரே உதறலில் விடுவிக்கப் போடுகிற முடிச்சு அது. கல்யாணமான புதிதில் விளையாட்டாக அவன்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். அவள் அதை மாதாவுக்கும் சூசையப்பருக்கும் போட்டுவந்திருக்கிறாள். அவன் கோயிலில் மாதாவின் முதுகைப் பார்த்ததே இல்லை.

“இங்க கொண்டா,” என்று சிலுவை கையை நுழைத்தான். “இது கயித்தான் கோட்டு. என் கோட்டு எதுளா?”

மூட்டையில் அடியில் வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். திரும்பி நின்றான். அவன் முதுகில் அவளே முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சை அவிழ்த்து மறுபடி போட வேண்டியிருந்தது.

“சீக்கிரம்ளா, வேக்குது.”

“வேக்கட்டும்.”

அவன் போட்டதைப் பார்த்து மற்றவர்கள் போட்டார்கள். ஒருவன் முதுகை ஒருவன் கட்டினான். கயித்தான் கடைசியாகப் போட்டான். கழுத்தில் காப்பாகப் போட்டிருந்த மாதா உத்தரியத்தைக் கோட்டுக்கு வெளியே எடுத்து விட்டுக்கொண்டான். டச்சு சிப்பாய் உத்தரியம் போடமாட்டான் என்று பர்னபாஸ் கெஞ்சியும் உள்ளே விடவில்லை.

அதற்குப் பிறகு பர்னபாஸுக்குப் புதுக் கவலை. முதுகு கேமராவில் விழக்கூடாது. ஆனால் கதைப்படி டச்சுப் படை கரையில் இறங்கி அடிவாங்கித் திரும்பிப் படகுக்கு ஓட வேண்டும்.

“ஓட வேண்டாம் சார்,” என்றார் டைரக்டரிடம். “முகத்தக் காட்டிக்கிட்டே பின்னால நடந்து போகட்டும்.”

“சரித்திரத்துல அப்படியா போனாங்க?”

வாழ்நாளில் முதல் தடவையாகப் பர்னபாஸ் சரித்திரத்தில் பொய் சொன்னார். “அப்படித்தான் சார் போனாங்க. ரொம்ப ஒழுங்கான படை.”

அப்படியே எடுத்தார்கள். நாற்பது பேரும் கத்தியைச் சுழற்றிக்கொண்டே, பின்பக்கமாக நடந்து, பார்க்காமலேயே படகில் ஏறினார்கள். நண்டு வளைக்குள் போவது போல இருந்தது. பனங்கிழங்குக்காரன் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சிரித்தான்.

அடுத்தது கடலில். பீரங்கிக் குண்டு விழுந்து படகு கவிழ வேண்டும், சிப்பாய்கள் தண்ணீரில் குதிக்க வேண்டும். பக்கத்துப் படகில் டச்சுத் தளபதி வாளைத் தூக்கிக்கொண்டு நின்றார். தளபதி வேஷம் போட்டவர் தாணுலிங்கம், மதுரையில் நாடகக் கம்பெனி நடிகர். அவருடைய கோட்டு மட்டும் மதராஸில் தைத்தது. வெல்வெட்டு, கம்பளி லைனிங், முன்னால் நிஜப் பித்தான்கள். தலையில் தோளைத் தொடுகிற பொய்முடி.

வெடி போட்டார்கள். புகை வந்தது. சிலுவை இருந்த படகு கவிழ்ந்தது, நாற்பது பேரும் தண்ணீருக்குள் போனார்கள். பிளாரன்ஸ் தண்ணீர் ஓரம்வரை வந்து நின்றாள். கம்பளி தண்ணீர் குடித்தால் என்ன கனம் கனக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கணம் தண்ணீர் மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு தலை. அப்புறம் பல தலைகள். ஒவ்வொருவனும் இடுப்போரம் ஓர் இழுப்பு இழுத்துக் கோட்டை விட்டுவிட்டு எழும்பினான். காலியான கோட்டுகள் பாதி அமிழ்ந்து, குடை விரித்த சொறிமீன்கள் போல மிதந்தன.

அந்த அலையில் பக்கத்துப் படகும் ஆடியது. வாளைத் தூக்கிப் பிடித்திருந்த தாணுலிங்கத்துக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. அப்படியே கடலில் விழுந்தார். அவர் விழ வேண்டும் என்று கதையில் இல்லை.

அவருக்கு நீச்சல் தெரியும் என்று பிறகு சொன்னார்கள். தாமிரபரணியில் நீந்தியவராம். தாமிரபரணியில் அவர் வெல்வெட்டுக் கோட்டோடு நீந்தியிருக்க மாட்டார். பித்தானைக் கழற்றக் கை போனது, ஒன்று கழன்றது, அதற்குள் ஆள் உள்ளே போய்விட்டார்.

சிலுவை முங்கினான். முடியைப் பிடித்து மேலே வந்தான். கையில் முடி மட்டும் இருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீசி எறிந்துவிட்டு மறுபடி முங்கினான். இந்தத் தடவை கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தளபதியைத் தூக்கிவந்தான். கயித்தான் மறுபக்கம் பிடித்தான். கரையில் கொண்டுவந்து போட்டதும் தாணுலிங்கம் கடலில் பாதியை வாந்தி எடுத்தார். கேமராக்காரன் இன்னும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொல்ல டைரக்டருக்கு மறந்துவிட்டது.

பேச்சு வந்ததும் தாணுலிங்கம் கேட்ட முதல் கேள்வி, “இவங்க கோட்டைத் தைச்சது யாரு?”

கூட்டம் பிளாரன்ஸுக்கு வழிவிட்டது.

“அம்மா, நாளைக்கும் எனக்குத் தண்ணியில காட்சி இருக்கு. எனக்கும் அந்த மாதிரிதான் வேணும். முன்னால ஒரு பித்தான்கூடத் திறக்கக் கூடாது.”

ஈரக் கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் அங்கேயே படகு நிழலில் உட்கார்ந்து, மதராஸ் தையலைப் பிரித்து முதுகைத் திறந்தாள். முன்பக்கத்தை மூடித் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு அவரை எழுந்து நிற்கச் சொன்னாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அந்நிய ஆம்பிளை ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளை போல அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஞானபாய் மூக்கில் விரலை வைத்தாள். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை யாரும் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

சாயங்காலம் வீட்டில் சிலுவை ஒரு காகிதப் பொட்டலத்தைத் தையல் மெஷின்மேல் வைத்தான். உள்ளே வெள்ளை பாப்லின் துணி.

“என்னது இது?”

“கொழும்புத் துணி. தோணியில வந்துச்சு. பஜாருக்குத்தான் தைக்கக் கொண்டு போனேன். கடை அடைச்சிருந்துச்சு.”

“எப்போ?”

“இப்போதான்.”

“விளக்கு வைக்க நேரத்துல எந்தக் கடை அடைச்சிருக்கும்?”

“அடைச்சிருந்துச்சுன்னா அடைச்சிருந்துச்சு. அளவெடுக்கப் போறியா, இல்ல கடையத் தேடிப் போவணுமா?”

பிளாரன்ஸ் வலை நூலைத் தேடினாள். பிறகு அதை விட்டுவிட்டு நாடாவை எடுத்தாள். இவனுக்கு எதற்கு நூல். நெஞ்சைச் சுற்றிப் பிடித்தாள். நூலில் வந்த அளவுக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது.

“அன்னைக்கு உங்களுக்கு அளவெடுத்தது யாரு?”

“நானே எடுத்தேன்.”

“மூச்சப் பிடிச்சுக்கிட்டு எடுத்தீங்களாக்கும்.”

“குளிக்கவன் வேற எப்படி எடுப்பான்?”

“திறப்பு முன்னாலயா, பின்னாலயா?”

அவன் யோசித்தான். “முன்னாலயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழம பூசைக்குப் போடணும்லா.” துணியைத் தடவிக்கொண்டே, “அந்த இழுக்க நாடா ஒண்ணு உள்பக்கமா வச்சுருவியா?” என்றான்.

“சட்டைக்கு எதுக்கு அது?”

“இருக்கட்டுமே.”

வைத்தாள். அந்தச் சட்டைக்கு அது எந்த வேலையும் செய்யவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் சிலுவை அதைப் பத்துப் பேரிடமாவது காட்டியிருப்பான். மறுவாரம் கயித்தான் துணியோடு வந்து, அந்த நாடா இல்லாமல் சட்டை வேண்டாம் என்றான். அவன் போகும்போது வாசலில் பலகை தொங்கியது. சிலுவை ஆணி அடித்து மாட்டியது, கொஞ்சம் சாய்வாகத்தான் இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

படம் வர இரண்டு வருஷம் ஆனது. தூத்துக்குடிக் கொட்டகையில் போட்டபோது தெரு மொத்தமும் போயிற்று. டச்சுப் படை திரையில் முகத்தைக் காட்டிக்கொண்டே பின்னால் பின்னால் போனது. ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து, “திரும்புங்கலே! முதுகக் காட்டுங்கலே!” என்று ஒரே கூச்சல். கயித்தான் உத்தரியத்தோடு ஒரு நிமிஷம் முழுசாகத் தெரிந்தான். விசில் பறந்தது. தளபதி கடலில் விழுந்ததை டைரக்டர் வெட்டவில்லை. சிலுவை பொய்முடியைத் தூக்கிப் பார்த்தது மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. அதில் சிலுவைக்கு வருத்தம்.

இடைவேளையில் விளக்கு போட்டார்கள். பெண்கள் பெஞ்சு கடைசியில் இருந்தது. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் பீடி குடிக்க எழுந்தார்கள். பிளாரன்ஸ் அவர்கள் முதுகுகளைப் பார்த்தாள். அந்தத் தோள் வெட்டு, அந்தக் காலர், அந்த நடுத்தையல், எல்லாம் அவள் கை வேலை.

“என்னளா, படம் நின்னு போச்சு, இன்னும் முன்னாலயே பாத்துக்கிட்டு இருக்க?” என்றாள் ஞானபாய்.

“மூணாவது வரிசையில ஒருத்தனுக்குத் தோள் கொஞ்சம் இறங்கிருக்கு,” என்றாள் பிளாரன்ஸ். “நாளைக்கு வரச் சொல்லணும்.”